மாமல்லபுரம் அருகே

‘மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது.’ 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியம் இது. பத்தாண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 9 பின்னிரவில் மாண்டஸ் புயல் கடந்தபோது, ஏறக்குறைய அதே சொற்களில் அதே வாக்கியம் மீண்டும் எழுதப்பட்டது. இரண்டையும் வாசித்தவர்களிடம் எந்தப் புயல் எந்த ஆண்டு வந்தது என்று இன்று கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். இதை மறதி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. புயலைச் சொல்வதற்கு நாம் பழகியிருக்கும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது எனத் தோன்றுகிறது. ஒவ்வொரு புயலையும் தனித்தனி நிகழ்ச்சியாக, தனித்தனிப் பெயருடன், கரையைத் தொட்ட கணத்தோடு முடித்துவிடுகிறோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரைக்கும் அதன் பின்னே விரிந்துகிடக்கும் ஏரி நாட்டுக்கும் அவை தனித்தனி நிகழ்ச்சிகளே அல்ல.

இதை எண்ணத் தூண்டியது வேறொரு கண்டத்தின் காற்று. அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் டோர்னடோ எனப்படும் சுழற்காற்று நிலத்தில் புனல்போல் இறங்கி, சில நிமிடங்களில் ஒரு தெருவை வாரிக்கொண்டு போய்விடும். பக்கத்துத் தெருவில் கொடியில் காயும் துணி அப்படியே இருக்கும். அவற்றுக்கு அவர்கள் பெயர் வைப்பதில்லை. ஆனால் ஒரே வானிலை அமைப்பிலிருந்து பரந்த நிலப்பரப்பில் அடுத்தடுத்துப் பல சுழற்காற்றுகள் தோன்றினால் அவையனைத்தையும் ஒன்றுசேர்த்து ஒரே நிகழ்வாகக் கணக்கிடுகிறார்கள். நோய் பரவத் தொடங்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லையே அதற்கும் வழங்குகிறார்கள். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் ஏறத்தாழ ஒரு நாள் பொழுதுக்குள் பதின்மூன்று மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஃபுஜிதா என்ற அறிஞர், சேதம் கிடந்த தடங்களின் மேல் விமானத்தில் பறந்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று ஒவ்வொரு தடத்தையும் வரைபடத்தில் கோடாகத் தீட்டச் செய்தார். அந்த வரைபடத்தைப் பார்த்தால் தனித்தனிக் கீறல்களாகத் தெரியாது. நிலத்தின்மீது ஒரே கை வாரியதைப்போல் எல்லாக் கோடுகளும் வடகிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். 2011 ஏப்ரல் இறுதியிலும் அப்படியொரு தொடர் வந்தது. அங்கே பெயர் இல்லை. தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, தடம் இருக்கிறது.

நம் துணைக்கண்டத்தில் சுழற்காற்று இல்லாமல் இல்லை. வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று ஒரே சுழற்காற்றுக்கு ஏறத்தாழ 1300 பேர் பலியாயினர் என மதிப்பிடுகிறார்கள். மேற்கு வங்கத்தின் மைனாகுடியை 2024 மார்ச் 31 அன்று ஒன்று உலுக்கியது. ஆனால் தமிழகத்தின் பங்கு வேறு. நமக்கு வாய்த்தது வங்கக் கடலில் உருவாகி நாட்கணக்கில் நகர்ந்துவரும் புயல். (நம் நாளேடுகள் டோர்னடோ, ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் நான்கையும் ‘சூறாவளி’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகின்றன. போதாததற்கு, தேர்தல் வந்தால் தலைவர்களும் ‘சூறாவளிச் சுற்றுப்பயணம்’ கிளம்பிவிடுவார்கள். சூறை என்ற சொல்லுக்குக் கொள்ளை என்றும் பொருள் உண்டு என்பதைக் கட்சிக்காரர்கள் யோசிப்பதில்லை போலும்.) கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு வைத்திருக்கும் நெய்தல் மக்களின் மொழியில் இந்தச் சொற்பஞ்சம் வந்திருப்பது வேடிக்கைதான்.

‘சைக்ளோன்’ என்ற சொல்லே நம் வங்கக் கடலின் கரையில் பிறந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் வெளியிட்ட மாலுமிகளுக்கான கையேட்டில், பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். அவர் ஒரு புயலைப் பார்த்து அதைச் செய்யவில்லை. கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, ஒரே புயலுக்குள் வெவ்வேறு இடங்களில் சிக்கிய கப்பல்களில் காற்று எத்திசையில் அடித்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு புயலை இன்னொரு புயலோடு ஒப்பிட்டுத்தான் சுழற்சியைக் கண்டார். சேர்த்துப் பார்ப்பது என்ற வேலை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

*

அப்படியானால் நம் கரையையும் சேர்த்துப் பார்ப்போம். 2012இல் நீலம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையின்மேல் ஏறிச் சென்றது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர், மரக்காணம் பக்கம். 2022இல் மாண்டஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், புதுச்சேரி அருகே. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா, இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு, தமிழகக் கரையை ஒட்டியே வடக்கே ஊர்ந்து, கடலிலேயே வலுவிழந்தது. வலுவிழந்த பிறகும் சென்னை வட்டாரத்தில் மழையைக் கொட்டியது.

பதின்மூன்று ஆண்டுகளில் எட்டு. இவற்றுள் சில நேரடி அடி, சில தோள் உரசல். பட்டியலாகப் படிக்கும்போது சிறியதாகத் தெரிகிறது. செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் ஒருவரின் கணக்கில் வைத்துப் பாருங்கள். சவுக்கு நட்டால் வெட்டுக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நிவரில் தோப்பு படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முறிந்ததை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு 2021 தொடக்கத்தில் கன்று நடுகிறார். இரண்டு வயதுக்குள் மாண்டஸ் வருகிறது. தப்பியது போக மிச்சம் நான்காம் வயதை எட்டும் நேரத்தில் ஃபெஞ்சல். மூன்று புயல்களில் எதுவுமே அவரைப் பெருஞ்சேதத்துக்கு ஆளானவராகக் காட்டாமல் போகலாம். ஆனால் ஒரு முழு வெட்டைக்கூட அவர் பார்க்கவில்லை. படகுக்கும் வலைக்கும் கடன் வாங்கிய கொக்கிலமேட்டு மீனவருக்கும் இதே கணக்குதான். கடனின் தவணை அடுத்த புயலுக்கு முன் தீர்ந்தால் அதிர்ஷ்டம். நிவாரண அறிவிப்புகளோ ஒவ்வொரு புயலின் பெயரிலும் தனித்தனியாகவே வெளியாகின்றன. ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகப் பாதிக்கப்பட்டவர். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு உண்மையான காரணம் இந்த ஒன்றுதான். இலக்கியம் படிக்கிறவர்களிடம் இதைச் சொல்வானேன் என்றால், இது எப்படிச் சொல்கிறோம் என்பதில் விளைந்த பிழை.

பெயர் வைக்கும் வழக்கத்தை நான் பழிக்க வரவில்லை. வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்குப் பெயர் சூட்டுவது 2004இல் ஒனில் புயலோடு தொடங்கியது. 2020இல் பதின்மூன்று நாடுகள் ஆளுக்குப் பதின்மூன்றாகத் தந்த 169 பெயர்கள் கொண்ட புதிய பட்டியல் வந்தது. நிவர் ஈரான் தந்தது. மாண்டஸ் ஐக்கிய அரபு நாடுகள் தந்தது. மிக்ஜாம் மியான்மர், ஃபெஞ்சல் சவூதி அரேபியா, டிட்வா ஏமன். பெயர் இருந்தால் எச்சரிக்கை மக்கள் காதில் விழுகிறது. இரண்டு புயல்கள் ஒரே நேரத்தில் கடலில் இருந்தால் குழப்பம் வருவதில்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டு அரைகுறையாக ஊகித்துக்கொண்டிருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலில் போனவர்களுக்குக் கிடைக்காத எச்சரிக்கை, மாண்டஸ் வந்தபோது ஒவ்வொரு குப்பத்துக்கும் நாட்களுக்கு முன்பே கிடைத்தது. அதன் பயனை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எச்சரிக்கைக்காக உருவான ஒன்றை நினைவுக்கான கருவியாகவும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். வேறு கடல்களின் மொழிகளிலிருந்து வந்த இந்தப் பெயர்களுக்கு நம் ஊரில் வேர் இல்லை. இரண்டு மழைக்காலம் போனால் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் வந்தது புயலே அல்ல. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. தாம்பரத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரிலோ வரதராஜபுரத்திலோ இன்று போய் ‘அந்த வெள்ளம்’ என்று ஆரம்பித்தால் ‘ரெண்டாயிரத்துப் பதினஞ்சா?’ என்று ஆண்டைத்தான் சொல்வார்கள். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டுவார்கள். பெயரற்ற அந்த மழைதான் ஆண்டோடும் அளவோடும் நினைவில் தங்கியிருக்கிறது.

பாரதி புதுவையில் இருந்தபோது ஒரு புயலை அனுபவித்தார். கணவனும் மனைவியும் இரவில் பேசிக்கொள்வதாக அமைந்த ‘புயற் காற்று’ கவிதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் தலைப்போடு அவர் கொடுத்திருக்கும் குறிப்பைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறோம். நள வருடம், கார்த்திகை எட்டாம் நாள், புதன்கிழமை, இரவு. கணக்கிட்டால் 1916 நவம்பர் 22 வருகிறது, அன்று புதன்கிழமையேதான். அதே புயலில் தப்பிய தென்னந்தோப்பைப் பற்றித் தனியாகவும் எழுதினார். ஒரு கவிஞர் கவிதைக்குத் தலைப்பிடும்போது கிழமை வரைக்கும் குறித்து வைத்திருக்கிறார். எந்தத் தோப்பு விழவில்லை என்பதும் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. சொல்லப்போனால் பிற்காலத் தமிழ்ப் புனைவில் புயல் பெரும்பாலும் உருவகமாகிவிட்டது. யார் மனத்திலோ அடிக்கிறது. ப. சிங்காரத்தின் நாவலில் தோணி உண்மையான கடற்புயலில் சிக்குகிறது, ஆனால் அது வேறு கடல், போர்க்காலம். கோவளத்துக்கும் ஆலம்பரைக்கும் இடையே அடித்த காற்றுகளைப் பற்றி, தேதியும் ஊரும் தெரிய எழுதப்பட்ட புனைவு என் வாசிப்பில் தட்டுப்படவில்லை.

*

இனி அந்த ‘கரையைக் கடந்தது’. வானிலையாளர்களுக்கு அது துல்லியமான கலைச்சொல். சுழலின் மையம் நிலத்தைத் தொட்ட இடமும் நேரமும் மட்டுமே அதன் பொருள். செய்தியில் வரும்போது அதுவே கதை முடிந்ததற்கான அறிவிப்பாகிவிடுகிறது. கேமராக்கள் மடக்கப்படுகின்றன, அமைச்சர்கள் திரும்புகிறார்கள்.

மிக்ஜாம் எங்கே கரையைக் கடந்தது? ஆந்திரத்தின் பாபட்லா அருகே, 2023 டிசம்பர் 5 அன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் வடக்கே. ஆனால் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மூழ்கியது அதற்கு முன்பு, 3, 4 தேதிகளில். அது கரைக்கு இணையாகக் கடலில் மெல்ல நகர்ந்தபோதே நம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஃபெஞ்சல் இதற்கு நேர்மாறு. கடந்தது புதுச்சேரி அருகே. கடந்தபிறகு அங்கேயே கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. அதன் பிறகுதான் உள்ளே நகர்ந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து குழந்தைகள் உட்பட எழுவர் புதைந்தனர். கடலை வாழ்நாளில் பார்த்திராதவர்களும் இருக்கக்கூடிய ஊத்தங்கரையில் ஐம்பது சென்டிமீட்டர். தென்பெண்ணை பெருக்கெடுத்து அந்த நீரை மீண்டும் கடலூர்ப் பக்கமே கொண்டுவந்து சேர்த்தது. நீலம் மாமல்லபுரத்தருகே கடந்தது என்றோம். அதன் உயிர்ப்பலிகளில் மறக்கக் கூடாதது சென்னை பெசன்ட் நகர் அருகே தரைதட்டிய பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலிலிருந்து உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளுடையது. வரைபடத்தில் வைத்த புள்ளிக்கும் மனிதர்கள் மாண்ட இடத்துக்கும் எவ்வளவு தொலைவு!

‘மாமல்லபுரம் அருகே’ என்பதிலுள்ள ‘அருகே’ என்ற சொல்லையும் கவனியுங்கள். மாமல்லபுரம் உலகறிந்த பெயர், ஆகவே அடையாளத்துக்கு அதைச் சொல்கிறார்கள், சரி. அந்த ‘அருகே’க்குள் இருக்கிறவை நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம். செய்தியில் இவற்றுக்கு இடமில்லை. கடற்கரைக் கோயிலைக் காக்கக் கல் கொட்டித் தடுப்பு அமைத்தோம், செய்யவேண்டியதுதான். குப்பங்களின் மணல் புயலுக்குப் புயல் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுவது எந்த ஒரு புயலின் கணக்கிலும் முழுதாக ஏறுவதில்லை. எந்தப் புயல் அரித்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாதே.

இந்த மாவட்டத்தின் பழைய கதை ஒன்றில் கடலே வராது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினி ஜாகீரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், ஆண்டுதோறும் மழையில் உடைந்துகொண்டிருந்த ஏரிக்கரையைப் பழுதுபார்க்கிறார். தாயார் சன்னிதிக்குத் திருப்பணி கேட்டவர்களிடம், கரை நின்றால் செய்து தருகிறேன் என்கிறார். பேய்மழை பெய்த ஓர் இரவில் குடையும் ஆளுமாகக் கரைக்குப் போனவர், வில்லேந்திய இருவர் அங்கே காவல் நிற்கக் கண்டாராம். சன்னிதியில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது கதை நிகழுமிடம். கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஏரிக்கரை. ‘ஆண்டுதோறும் உடைந்த’ என்ற சொற்றொடர் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஒரு மழையைப் பற்றிய கதையாகத் தோன்றினாலும், அது மீண்டும் மீண்டும் வந்த மழைகளின் கதை. இந்த நாட்டுப்புறத்தில் காற்றும் மழையும் கடைசியில் கணக்குத் தீர்ப்பது ஏரியின் கலங்கலிலும் மதகிலும்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. 2004 ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபின் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் தென்பட்ட கல்வெட்டுகளைப் பின்தொடர்ந்து, 2005இல் தொல்லியல் துறையினர் ஒரு முருகன் கோயிலை அகழ்ந்தெடுத்தனர். பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில். கடற்பெருக்கால் அழிந்து, அதன்மீதே மறுபடி கட்டி, அதுவும் கடலால் அழிந்திருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு அழிவுகளையும் ஒரே குழியில் பார்க்க முடிகிறது.

தாளில் இருக்கும் ஆவணங்களில் அப்படிப் பார்க்க வழியில்லை. நாம் பேசும் இந்த நிலம் 1997 வரை செங்கல்பட்டு-எம்.ஜி.ஆர். மாவட்டம். அவ்வாண்டு ஜூலையில் பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே நீலமும் வர்தாவும் காஞ்சிபுரத்தின் கோப்புகளில், நிவர் முதற்கொண்டு செங்கல்பட்டின் கோப்புகளில். அலுவலகம் மாறும், பெயர் மாறும், கொக்கிலமேடு அதே இடத்தில் இருக்கும். ஊர்வாரியாகத் தொடர்ச்சியான ஒரு புயற்குறிப்பு வேண்டுமானால் அதை அரசு எழுதித் தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பெரிய ஆய்வுத்திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. கல்வெட்டுத் தேடி வார இறுதிகளில் கிளம்பும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாட்டார் வழக்காறு தொகுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, காற்று எத்திசையிலிருந்து தொடங்கியது, எத்தனை மணிக்குத் திரும்பி அடித்தது, கடல் எந்த வீடுவரை வந்தது, எந்த ஏரி எப்போது நிரம்பியது, எந்தத் தோப்பு விழுந்தது, எது தப்பியது. கோவளத்தில் தொடங்கித் தெற்கே ஆலம்பரை வரை, உள்ளே மதுராந்தகம் வரை. மாண்டஸ், ஃபெஞ்சல் பற்றி இப்போதே கேட்டால் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். எழுபதைத் தொட்டவர்களைச் சந்திக்கும்போது 1966 நவம்பரில் வந்த புயலையும் கேட்டுவிட வேண்டும். அப்போது அவர்களுக்குப் பத்து வயதாவது இருந்திருக்கும்.